பனியன் கயிற்றில் போட்ட முடிச்சுகள்

எங்கள் அப்பாவுக்குப் பனியன் தைக்கத் தெரியும், பழனிக்கு நடக்கத் தெரியும், வேண்டுதல் வைக்கத் தெரியும். விவசாயம் தெரியாது. தெரியாது என்பதை அவரே எல்லோரிடமும் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டால் மிச்சத்தை முருகன் பார்த்துக்கொள்வான் என்று அவருக்கு ஒரு தைரியம்.

நாங்கள் பரம்பரையாகத் தறிக்காரர்கள். தறி நின்று பனியன் கம்பெனி வந்தபோது அப்பா ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தார். திருப்பூர் வேலம்பாளையத்தில் லைன் வீடு. வாசலில் ஒரு துளசித் தொட்டி வைப்பதென்றாலும் பக்கத்து வீட்டு வண்டி நிற்க இடம் விட்டுத்தான் வைக்க வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு அப்பா ஒரு வருஷம் கோதுமை போட்டார். நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம் அது. அந்தக் கோதுமையால் நான் பட்ட வெட்கத்தை நினைத்தால், இன்றைக்கும் அடுப்படியில் தனியாக நிற்கும்போதுகூட முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

தம்பி அப்போது நடை பழகி ஓடத் தொடங்கியிருந்த குழந்தை. காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். காய்ச்சல் இறங்கிய பிறகும் அவன் எதையும் வாயில் வாங்கவில்லை. பால் கொடுத்தால் துப்பினான், சோறு கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு அம்மாள், சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, வெல்லம் போட்டுக் காய்ச்சி ஒரு தூக்கில் கொண்டுவந்து கொடுத்தார். அதை ஒரு மடக்குக் குடித்தான். இன்னொரு மடக்குக்கு வாயைத் திறந்தான். அம்மா அழுதுவிட்டாள். அப்பா ஆஸ்பத்திரி நடையில் தெற்குப் பார்த்து நின்று, அதாவது பழனியைப் பார்த்து நின்று, சத்தமாகவே வேண்டிக்கொண்டார்.

"அப்பனே, இந்தக் கோதுமைதான் என்ற பையன் வாயத் தொறந்துது. வர்ற பங்குனி உத்தரத்துக்கு உன்ற மலைக்கு நடந்து வர்றவங்களுக்கு ஒரு வேளைப் பசிய நான் கோதுமையிலயே ஆத்தறேன். கடையில வாங்குனது இல்ல சாமி. என்ற கையால வெளைய வெச்சது."

அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டே கேட்டாள். "வாங்கித் தர்றேன்னு வேண்டியிருக்கலாமல்லங்க? நெலம் இருக்குதா நமக்கு?"

"வாயில வந்துருச்சு."

"உங்க வாயில அப்படித்தான் வரும்."

வந்த வார்த்தையை மாற்றுவது அப்பாவுக்கு வழக்கம் இல்லை. எங்கள் பக்கத்து ஜனங்கள் பங்குனி உத்தரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பழனிக்கு நடப்பார்கள். வழியெல்லாம் அன்னதானப் பந்தல்கள் இருக்கும். தாராபுரம் தாண்டிப் பழனி ரோட்டோரத்தில் தோட்டம் வைத்திருந்த ஒருவர், வருஷா வருஷம் தன் தோட்டத்து முன்னால் பந்தல் போடுவார். நாங்கள் அவரைப் பந்தல்காரர் என்றே சொல்லுவோம். அப்பா நடந்துபோகிற ஒவ்வொரு வருஷமும் அங்கேதான் காலையில் சாப்பிடுவார். ஆகவே அவரிடமே போய் நின்றார்.

பந்தல்காரர் பெரிய உடம்புக்காரர், பெரிய சிரிப்புக்காரர்.

"கோதுமையா? டெய்லரு, ஆசைக்கு ஒரு அளவு வேண்டாமுங்களா?" என்று சிரித்தார். பிறகு தம்பியின் கதையைக் கேட்டுவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "கெணத்தடியில இருந்து ரோடு வரைக்கும் ஒரு துண்டு சும்மாத்தான் கெடக்குது. எடுத்துக்கங்க. நெலம் தர்றேன், தண்ணிதான் தர மாட்டேன்."

"தண்ணியில்லாம எப்படிங்ணா?"

"மழை கைய விரிச்சிருச்சுங்க. ஆத்துத் தண்ணி இந்த மேட்டுக்கு ஏறாது. விதைச்சதும் ஒரு தண்ணி உடறேன். பொறவு வேர் புடிக்கறப்ப ஒண்ணு, கதிர் வர்றப்ப ஒண்ணு, பால் புடிக்கறப்ப ஒண்ணு. அதுக்கு மேல ஒரு சொட்டுக் கேட்டாலும் என்ற தென்னைமரம் என்னையச் சபிச்சுப்போடும்."

அப்பா அங்கேயே மண்ணைத் தொட்டுக் கும்பிட்டார். பந்தலுக்கு ஒரு காலை வேளைக்கு ஒரு மூட்டை கோதுமை வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு மூட்டை. அந்த வார்த்தையை அப்பா பஸ்ஸில் வரும்போது இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பாத்தி பிடித்து விதையை வீசிவிட்டால் போதும் என்றுதான் பந்தல்காரர் சொன்னார். அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. தையல்காரர் அல்லவா, கோடு இல்லாமல் அவரால் எதையும் பார்க்க முடியாது. விதை கொடுத்தவர் வரிசைக்கு வரிசை ஒரு சாண் விடச் சொல்லியிருந்தார். அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

சாணை அளக்க அவர் கொண்டுவந்த பொருள்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

திருப்பூரில் எதைக் கட்டுவதானாலும் பனியன் துணிதான். கம்பெனியில் துணி வெட்டும்போது ஓரத்தில் நீள நீளமாகக் கழித்துப் போடுவார்கள். அது தானாகவே சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். தொட்டில் கட்ட, கொடி கட்ட, சைக்கிள் கேரியரில் மூட்டை கட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான். அப்பா அப்படி ஒரு நீளமான வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து, வீட்டுத் தரையில் பரப்பி, சாணுக்கு ஒரு முடிச்சாகப் போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டுவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிற்றை நிலத்தின் குறுக்கே பிடித்து, முடிச்சுக்கு முடிச்சு குச்சி நட்டுக் கோடு கிழித்தால், வரிசை மிஷின் தையல் மாதிரி விழும் என்பது அவர் கணக்கு.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியிலிருந்து ஆரம்பித்தோம். ஒரு முனையை அம்மா பிடித்தாள், மறுமுனையை நான். அப்பா கோடு கிழித்து விதை போட்டு மூடிக்கொண்டே வந்தார். பாதி நிலம் முடிவதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கயிற்றைக் கிணற்று மேட்டிலேயே போட்டுவிட்டு வந்தோம்.

அந்த வாரம் முழுக்க அது பனியில் நனைந்தது. நடுவில் ஒரு தூறலும் விழுந்ததாம். அடுத்த ஞாயிறு போனபோது கயிறு ஈரத்தில் கனத்துக் கிடந்தது. தம்பி அழுததால் அம்மா நிழலில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு முனையைத் தென்னைமரத்தில் கட்டிவிட்டு மறுமுனையை அப்பா என் கையில் கொடுத்தார்.

"தொய்யாமப் புடிச்சுக்கோணும் அம்மிணி."

நான் தொய்யாமல் பிடித்தேன். சாமி காரியம் என்பதால் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, குதிகாலை மண்ணில் ஊன்றி, பின்னால் சாய்ந்து பிடித்தேன். அப்பா திரும்பிப் பார்த்து, "என்ற தங்கம்!" என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை. பனியன் துணி இழுபடும் என்பது திருப்பூரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். இழுபடுவதால்தான் அதை உலகம் முழுக்க வாங்குகிறார்கள். காலையிலிருந்து ராத்திரி வரை அதைத் தைத்து வயிறு வளர்த்த எங்கள் குடும்பம், வயலில் இறங்கியதும் அதை மறந்துவிட்டது.

விதை மண்ணுக்குள் இருக்கும்வரை யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. முளைத்ததும் தெரிந்தது.

கிணற்றடிப் பாதி பச்சைப் பாய் விரித்ததுபோல நெருக்கமாக வந்திருந்தது. ரோட்டோரப் பாதி பல் போன சீப்பு மாதிரி இருந்தது. ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவில் அவ்வளவு மண். அதுவும் ரோட்டோரத்தில். பழனிக்குப் போகிற ஒவ்வொரு பஸ்ஸும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

பந்தல்காரர் இடுப்பில் கை வைத்து நின்றார். "ஏனுங்க டெய்லரு, அந்தப் பாதி நீங்க தெச்சது. இந்தப் பாதி ஆருங்க தெச்சாங்க, ஹெல்ப்பருங்களா?"

அப்பா குனிந்து சாண் வைத்து அளந்தார். ஒரு சாண் வைத்தார், அதற்கு மேலும் வெறும் மண் நீண்டு கிடந்தது. கயிற்றைக் கொண்டுவந்து அளந்தார். கயிறும் அப்படியே நீண்டு போயிருந்தது. ஒருமுறை நன்றாக இழுபட்ட பனியன் துணி பழையபடி சுருங்காது. துவைத்த பனியனின் கழுத்தைப் பார்த்தாலே தெரியும். அப்பா கொஞ்ச நேரம் கயிற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். "துணி இழுபட்டுருச்சுங்ணா" என்றார், ஏதோ நல்ல சேதி சொல்வதைப்போல.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வெட்கம் அங்கே ஆரம்பித்தது.

அதற்கு அடுத்த மாசம், எங்கள் லைனில் குடியிருந்த கட்டிங் மாஸ்டர் பழனிக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தினார். அவர் மதுரைப் பக்கத்துக்காரர். வாயைத் திறந்தால் கேலிதான், மனசில் ஒன்றும் இருக்காது. பின்னால் அவர் மகள் உட்கார்ந்திருந்தாள். என் வகுப்புக்காரி.

"என்னண்ணே, கெணத்துப் பக்கம் நெருக்கமா நல்ல துணியா ஓட்டிட்டு, ரோட்டுப் பக்கம் மெஷ் துணி ஓட்டிட்டீகளே! காத்து வாங்கவா?"

அப்பா சிரித்தார். "ஆமாங்க மாஸ்டர், வெயில் காலம் வருதல்லங்க."

"இம்புட்டு எடம் விட்டிருக்கீக. நடுவுல டவுன் பஸ்ஸு விடப் போறீகளோ?"

அவர் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என் பெயர் மெஷ். ஓட்டைத் துணி என்பதற்குக் கம்பெனியில் சொல்லும் பேர் அது. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அப்பாவோ அம்மாவோ பனியன் கம்பெனி என்பதால் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "மெஷ்ஷு, உங்க காட்டுல காத்து எப்படி?" என்று கேட்பார்கள்.

நான் அப்பாவிடம் அழுதேன். "நடுவுல இன்னொரு வரிசை போட்டுருங்கப்பா. அந்தப் பக்கம் மாதிரியே ஆகிரட்டும்."

"மொளைச்சத மிதிச்சுக்கிட்டுப் போயி போடறதாம்மா? வந்தது வந்துருச்சு. அதுவும் முருகனுதுதான்."

"பாக்கறவங்க சிரிக்கறாங்கப்பா."

"சிரிக்கட்டும் கண்ணு. சிரிச்சா பயிருக்கு நோகுமா?"

பயிருக்கு நோகாது, எனக்குத்தான் நொந்தது. அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் வயலுக்குப் போகும்போது நான் ரோட்டுப் பக்கம் முதுகைக் காட்டித்தான் நிற்பேன். அகலமாக விட்ட இடத்தில் களை வேறு முளைத்தது. நெருக்கமான பாதியில் களைக்கு இடமே இல்லை. அம்மாவும் நானும் குனிந்து குனிந்து பிடுங்கினோம். அப்பா அந்தக் களையை வெளியே எறிய விடாமல் வரிசைக்கு நடுவிலேயே பரப்பிப் போடச் சொன்னார். மண்ணின் அம்மணம் கொஞ்சம் மறையட்டும் என்று நானும் ஆசையாகப் பரப்பினேன்.

வேர் பிடிக்கும் தண்ணீர் கிடைத்தது. கதிர் வருகிற தண்ணீரும் கிடைத்தது. அந்தத் தண்ணீரின்போதே மோட்டார் இடையிடையே மூச்சு வாங்கியது. அம்மா அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"ஏனுங்க, இருக்கற தண்ணிய அந்த நல்ல பாதிக்கே உட்டரலாமுங்க. இது தேறாது. அதுவாவது மூட்டைக்கு வரட்டும்."

நான் அம்மா பக்கம். வேகமாகத் தலையாட்டினேன். அப்பா மண்வெட்டியோடு நின்று யோசித்தார். அவருக்கு எது சரி என்று தெரிந்திருந்தது என்று நான் சொல்லமாட்டேன். அவருக்குத் தெரியாது. "ரெண்டு பாதியும் நேந்துக்கிட்டதுதானே. ஒண்ணுக்குச் சோறு போட்டு ஒண்ணப் பட்டினி போட்டா எப்படி?" என்றார். இரண்டுக்கும் சமமாகவே மடை திருப்பினார்.

கடைசித் தண்ணீர், பால் பிடிக்கும்போது விட வேண்டிய தண்ணீர், வரவில்லை. பந்தல்காரர் மோட்டாரைப் போட்டார். கொஞ்சம் சேறு வந்தது, பிறகு காற்று வந்தது. கிணற்றை எட்டிப் பார்த்தபோது அடியில் பாறை தெரிந்தது. அன்றைக்கு அவர் கேலி ஒன்றும் பேசவில்லை. "எனக்கே குடிக்கத் தண்ணி வண்டியிலதானுங்க வருது, டெய்லரு" என்று தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டார். தென்னை மட்டைகள் தொங்கிப்போய் நின்றன.

அப்பா வரப்பில் உட்கார்ந்து கந்தர் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு என்ன செய்ய முடியும்?

மாசி வெயில் ஏறியது. கிணற்றடிப் பாதி சீக்கிரமே மஞ்சளாகி, ஒரே வாரத்தில் பொன்போல ஆகிவிட்டது. எனக்குச் சந்தோஷம். அந்தப் பாதியாவது சாமர்த்தியமாகப் பழுத்துவிட்டது என்று நினைத்தேன். ரோட்டோரப் பாதிக்குப் பழுக்கக்கூடத் தெரியவில்லை. கதிர் கனத்துத் தலையைச் சாய்த்துக்கொண்டு இன்னும் பச்சை மாறாமலே நின்றது. என்னைப் போலவே அதுவும் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்து நிற்கிறது என்று ஒருநாள் எண்ணினேன்.

அறுத்தோம். கல்லில் அடித்தோம். கிணற்றடிப் பாதியில் தாள் மலையாகக் குவிந்தது. தூற்றியபோதுதான் அம்மா "அய்யோ" என்றாள். முறத்தில் நின்றது பாதி, காற்றில் போனது பாதி. நின்றதும் சீரகம் மாதிரி சூம்பிக் கிடந்தது. ரோட்டோரப் பாதியில் தாள் கொஞ்சம்தான். மணி திரண்டு திரண்டு விழுந்தது. வள்ளத்தில் அளந்தபோது, தாள் குறைவாக இருந்த பக்கத்தில்தான் கோதுமை கூடுதலாக இருந்தது. பந்தல்காரர் இரண்டு குவியலிலும் ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, இரண்டு மணியைக் கடித்துப் பார்த்தார். பிறகு ரோட்டோர வரிசைகளின் அறுத்த தாளடியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த கேலிக்கு வார்த்தை தேடுகிறார் என்று நினைத்து நான் தம்பியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

இரண்டையும் சேர்த்தும் மூட்டை பாதிதான் நிறைந்தது.

அம்மாதான் முதலில் பேசினாள். "மீதிய தாராபுரத்துல வாங்கிப் போட்டு நெப்பிரலாமுங்க. ஆருக்குங்க தெரியப்போகுது?"

பந்தல்காரரும், "அட, என்ற ஊட்டுலயே கொஞ்சம் இருக்குதுங்க, எடுத்துக் கொட்டுங்க. கேக்கறதுக்கு ஆளா இருக்குது?" என்றார்.

"வேண்டிக்கிட்டவனுக்குத் தெரியுமுங்களே" என்றார் அப்பா. "பாதி மூட்டைன்னா பாதி மூட்டை. அவன் கொடுத்த தண்ணிக்கு அவ்வளவுதான். பொய் மூட்டை கொண்டுபோய் வெக்க மாட்டேனுங்க."

எனக்கு அப்பாவின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பொய்யாகவாவது நிறைந்த ஒரு மூட்டை எனக்கு வேண்டியிருந்தது.

நடைக்காரர்கள் வரும் நாளைக்கு முந்திய சாயங்காலமே பந்தலுக்குப் போய்விட்டோம். பந்தலின் ஒரு ஓரத்தில் காணிக்கை வந்த மூட்டைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். குன்னத்தூரிலிருந்து வந்த அரிசி மூட்டைகள், பருப்பு, வெல்லம், எண்ணெய் டின். ஒவ்வொன்றும் என் நெஞ்சுயரம் நின்றது. நடுவில் எங்கள் மூட்டை, கழுத்து மடங்கி, உட்கார்ந்துவிட்ட ஆள் மாதிரி. மைக்கில் ஒருவர் கொடுத்தவர்கள் பேரையெல்லாம் வாசித்துக்கொண்டே வந்தார். எங்கள் பேர் வருவதற்குள் நான் ஓடிப்போய் அந்த மூட்டைக்கு முன்னால் பாவாடையை விரித்துக்கொண்டு நின்றேன். பேர் வாசித்து முடியும்வரை அசையவில்லை.

விடியக்காலையில் சமையல்காரர் உடைத்த கோதுமையை அள்ளிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உப்புமாக் கிண்டுனா முன்னால வர்ற கூட்டத்துக்கே பத்தாதுங்க."

அப்பா ஒரு நிமிஷம் அண்டாவைப் பார்த்தார். "கஞ்சியாக் காச்சுங்க. வெல்லத்தப் போட்டு, ஆளுக்கு ஒரு டம்ளர். தண்ணிய ஊத்துங்க. தாராளமா ஊத்துங்க."

பந்தல்காரர் லாரித் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார். "பயிருக்கு ஊத்தாத தண்ணியெல்லாம் இப்ப அண்டாவுல ஊத்தறேன் பாருங்க டெய்லரு. கணக்குத் தீந்துருச்சு!" என்று சிரித்தார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அவர்களால் எப்படித்தான் சிரிக்க முடிந்ததோ.

தீர்த்தக் கலசங்களைத் தோளில் வைத்துக்கொண்டு அரோகரா சொல்லிக்கொண்டு கூட்டம் வந்தது. நான் டம்ளர் எடுத்துக்கொடுக்க நின்றேன். அந்தக் கூட்டத்தில் கட்டிங் மாஸ்டர் குடும்பமும் வந்தது. அவர் மகள் கஞ்சியை வாங்கி, டம்ளரைச் சாய்த்து, அது எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று பார்ப்பதுபோல எனக்குத் தோன்றியது. அவளோ மடக்கென்று குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டாள்.

கால் முழுக்கக் கொப்புளத்தோடு ஒருவர் தரையில் உட்கார்ந்து குடித்தார். தம்பி அவர் முன்னால் நின்று அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் அவனுக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெம்பா இருக்குது அம்மிணி. ஆரு ஊட்டுக் கோதுமை?"

நான் டம்ளர் அடுக்கின் பக்கம் குனிந்துகொண்டேன். பின்னால் கரண்டியோடு நின்ற அப்பாதான் சொன்னார். "முருகனுதுங்க."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. இவ்வளவு நாள் சிரித்துச் சிரித்துச் சமாளித்தாலும், கடைசியில் அப்பாவுக்கும் வெட்கம் வந்துவிட்டது, அதனால்தான் பேரை மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அன்று முதன்முதலாக அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது.

கஞ்சி கடைசி ஆள் வரைக்கும் வந்தது. அண்டாவை வழித்து எடுத்ததை அப்பா கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தார். வேண்டுதல் தீர்ந்தது.

பந்தல் பிரிக்கும்போது பந்தல்காரர் வந்தார். "டெய்லரு, அந்தப் பனியன் கயித்தக் குடுத்துட்டுப் போங்க. எனக்கு வேணும்."

"அந்த வேஸ்டா? அது எதுக்குங்ணா?" அப்பா அண்டா கழுவப் போகிற அவசரத்தில் இருந்தார். "அம்மிணி, பையில இருக்குது பாரு, எடுத்துக் குடு."

எதற்கென்று எனக்குத்தான் தெரியுமே! வருஷா வருஷம் பந்தலுக்கு வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டி, 'திருப்பூர் டெய்லர் காட்டை அளந்த கயிறு இதுதான்' என்று சிரிப்பதற்கு. முடிச்சு இருந்தால்தானே காட்டுவார்? தென்னைமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தேன். ஈரத்திலும் வெயிலிலும் கிடந்து கல்லாக இறுகியிருந்தன. நகம் வலித்தது. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தேன். கடைசி முடிச்சும் போனபிறகு, அது யார் வீட்டிலும் கிடக்கிற வெறும் வெட்டுத் துணி. மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் அதை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலுக்கு நடுவில் ஓட்டினார். திரும்ப ஒருமுறை ஓட்டினார். எங்கள் வயல் இருந்த பக்கம் பார்த்தார். தாளை ஆடு மேய்ந்து, கோடை உழவும் ஓட்டியாகிவிட்டது. அங்கே வரிசை என்று ஒன்றும் இல்லை. பிறகு என் வாயைப் பார்த்தார். உதட்டில் நூல் ஒட்டியிருந்ததோ என்னவோ.

"பரவால்ல கண்ணு" என்றார். போய்த் தன் கன்றுக்குட்டியை அந்தத் துணியால் கட்டினார். இதற்குத்தானா கேட்டார் என்று எனக்குப் பாரம் இறங்கியது. பஸ்ஸில் வரும்போது நிம்மதியாகத் தூங்கினேன். எங்கள் வெட்கத்துக்கு இனிமேல் எங்கேயும் சாட்சி இல்லை.

அடுத்த கார்த்திகையில் பந்தல்காரர் எங்கள் லைன் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். அவ்வளவு பெரிய உடம்பை அந்தச் சின்ன நடைக்குள் அடக்கிக்கொண்டு தரையில் குந்தினார். அப்பாவும் எதிரில் குந்தினார்.

"இந்த வருசமும் கெணத்துல ஒண்ணுமில்லீங்க டெய்லரு. விதைக்கறதுக்கு எனக்கு அந்த இழுபட்ட அளவுதான் வேணும். உங்க கையில ஒரு சாண் வெய்யுங்க பாக்கலாம்."

அப்பா தரையில் சாண் வைத்தார். அதற்கு அப்பால் விரலை நகர்த்தினார். "இவ்வளவு இருக்குமுங்களா?"

"இல்லீங்க, இன்னுங் கொஞ்சம் அக்கட்ட."

"இங்கயா?"

"அட, அம்மிணி புடிச்ச புடிக்கு இன்னும் நாலு வெரக்கடை தாண்டியிருக்குமுங்க!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்பா எழுந்து டேப் எடுத்துவந்தார், பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன அளப்பது என்று தெரியாமல் நின்றார். இருவரும் மறுபடி குனிந்து, வெறும் சிமெண்ட் தரையில் இல்லாத வரிசைகளைக் கையால் தொட்டுத் தொட்டுத் தேடினார்கள்.

நான் காப்பி டம்ளர்களை அவர்கள் பக்கத்தில் வைத்தேன். ஒரு வருஷம் ஆகியும் இவர்கள் இந்தக் கேலியை விடவில்லையே என்று முகம் சுட்டது. உள்ளே போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டு, அவர் எழுந்து போகும்வரை வெளியே வராமல் நின்றேன்.